மூன்றாண்டு நிதியும் ஆறாண்டுப் படிப்பும்

ஓர் அறக்கட்டளை வெளிநாட்டிலுள்ள தொண்டு நிறுவனத்துக்கு நிதி வழங்க முடிவெடுத்தால், ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்றாண்டு என்றே எழுதப்படுகிறது. ஒரு திட்டத்தைத் தொடங்கி, நடத்தி, முடிவறிக்கையையும் படித்துக் கோப்பை மூடிவிடுவதற்கு அறங்காவலர்களுக்கு ஏற்ற கால அளவு அது. ஜிம்பாப்வேயிலோ தான்சானியாவிலோ ஒரு பெண் உயர்நிலைப் பள்ளியின் முதல் படிவத்தில் (அங்கே உயர்நிலை வகுப்புகளுக்குப் படிவம் என்று பெயர்) சேர்கிறாள் என்றால், நான்காம் படிவத்தின் முடிவில் அவள் அரசுத் தேர்வை எழுத வேண்டும்; அதில் தேறினால் மேல்நிலைப் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள். மூன்றாண்டு நிதியை நம்பிச் சேர்ந்தவளுக்கு, தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நான்காம் ஆண்டில்தான் உதவி நின்றுபோகிறது. ஆப்பிரிக்காவில் இளைஞர் முன்னேற்றத்துக்காகச் செலவிடப்படும் பணத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அனைத்தும் இந்தச் சின்னக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். தவணைகள், பயன்பாட்டுச் சான்றிதழ்கள், காலாண்டு அறிக்கைகள், பயனாளிகளின் எண்ணிக்கை என்று வரும் கோப்புகளில், பணம் ஒழுங்காகச் செலவாகியிருக்கிறதா என்று பார்ப்பதோடு என் பணி முடிந்துவிடும். ஒருமுறை கிழக்கு ஆப்பிரிக்கத் திட்டம் ஒன்றின் இறுதிக் கணக்கு என் மேசைக்கு வந்தது. ஒரு ரூபாய்கூடப் பிசகாத கணக்கு. கடைசிப் பக்கத்தில், திட்டக்காலம் முடிவுற்றதால் உதவி நிறுத்தப்பட்ட மாணவிகள் என்ற தலைப்பில் ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொருவருக்கும் எதிரே அவர்கள் படித்துக்கொண்டிருந்த வகுப்பு. பெரும்பாலோர் தேர்வுக்கு முந்தைய வகுப்பில் இருந்தவர்கள். அந்தத் திட்டத்துக்குத் தணிக்கையில் எந்தக் குறையும் சொல்ல இடமில்லை. நிதி வழங்கிய நிறுவனம் அதை வெற்றிக்கதையாகவே தன் ஆண்டறிக்கையில் வெளியிட்டது. அதன் பிறகுதான் இதே பணியை வேறு விதமாகச் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தவற்றுள், ஆப்பிரிக்காவில் பெண் கல்விக்காகப் பணியாற்றும் காம்ஃபெட் என்னும் அமைப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அதன் தொடக்கம் 1991இல், ஜிம்பாப்வேயின் வடக்கே உள்ள மோலா என்ற ஊரில். 1950களின் இறுதியில் காரிபா அணை கட்டப்பட்டபோது ஜாம்பெசி ஆற்றங்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட டோங்கா மக்களின் பகுதி அது. அங்கே பெண் பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பதை ஆராய்வதற்காக வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆன் காட்டன் சென்றார். பெண்களைப் படிக்கவைப்பது அவர்களுடைய பண்பாட்டில் இல்லை என்பதே அன்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த விளக்கம். ஊரில் பெற்றோரிடம் பேசியபோது கிடைத்த விடை வேறாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு மட்டுமே கட்டணம் கட்ட முடியும் என்ற நிலையில், பிற்காலத்தில் சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு மகனுக்கே அதிகம் என்பதால் மகனை அனுப்பினார்கள்; மகளையும் அனுப்ப அவர்களுக்கு ஆசை இருந்தது. கட்டணம் குறைவு என்பதற்காக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து நடந்தே வந்து, பள்ளியருகே தாங்களே ஒரு குடிசை போட்டுத் தங்கிப் படித்த இரு சகோதரிகளை அவர் அங்கே சந்தித்தார். படிப்பில் விருப்பமில்லாத பெண்கள் என்ற கதை அத்துடன் முடிந்தது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, வீட்டில் கேக் செய்து விற்றும் நண்பர்களிடம் திரட்டியும் சேர்த்த பணத்தில் அவர் முதலில் படிக்கவைத்தது 32 மாணவிகளை. 1993இல் அந்த முயற்சி அமைப்பாக உருப்பெற்றது.

அந்தக் காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 1980இல் விடுதலை பெற்ற ஜிம்பாப்வே தொடக்கக் கல்வியை இலவசமாக்கிப் பள்ளிகளைப் பெருக்கியது. 1991இல் பன்னாட்டு நிதி நிறுவனங்களின் வழிகாட்டுதலில் தொடங்கிய பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் அரசின் செலவுகளைக் குறைத்தது. கட்டணச் சுமை மீண்டும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. அதே ஆண்டுகளில் கடும் வறட்சியும் சேர்ந்துகொண்டது. வறுமையைப் பண்பாடு என்று பெயரிட்டு அழைப்பது நிதி தருபவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்பது என் கருத்து. பண்பாட்டை மாற்ற விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் போதும். வறுமைக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பணம் என்றால் கட்டணம் மட்டுமா? கிராமப்புற ஜாம்பியாவிலும் மலாவியிலும் தான்சானியாவிலும் உயர்நிலைப் பள்ளி பல ஊர்களுக்கு நடந்து சென்று திரும்பும் தூரத்தில் இல்லை. விடுதி உள்ள பள்ளிகள் குறைவு. எனவே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கு அருகே யாரோ ஒருவருடைய மண்குடிசையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்கள் வீட்டிலிருந்து தலையில் சுமந்து வருவது அந்த வாரத்துக்கான சோள மாவு மூட்டை, கொஞ்சம் உலர்ந்த கீரை, உப்பு, ஒரு கட்டு விறகு. அந்த மாவில்தான் களி கிண்ட வேண்டும். மலாவியில் அதற்கு நிசிமா என்றும் தான்சானியாவில் உகாலி என்றும் பெயர். வியாழக்கிழமை மாவு தீர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமை வகுப்பில் பசியோடு உட்கார வேண்டும். அறைக்கதவுக்குப் பூட்டு இருக்காது. சோப்பு, மாதவிடாய்த் துணி, மண்ணெண்ணெய் இவற்றில் ஏதாவது ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லி நெருங்கும் ஆண்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். கருவுற்ற மாணவி பல இடங்களில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டாள். தான்சானியாவில் அப்படி நீக்கப்பட்டவர்கள் அரசுப் பள்ளிக்குத் திரும்ப இருந்த தடை 2021 நவம்பரில்தான் விலக்கப்பட்டது.

கட்டணத்தை ரத்துசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு இந்த வாடகை அறை ஒரு பதில். தான்சானியா 2016இலும், கானா 2017இலும், ஜாம்பியா 2022இலும் உயர்நிலைக் கல்விக்கான கட்டணங்களை நீக்கின. அவை பெரிய நடவடிக்கைகள், பாராட்டத்தக்கவை. ஆனால் சீருடை, காலணி, குறிப்பேடு, தங்குமிடம், உணவு ஆகியவை குடும்பத்தின் பொறுப்பாகவே இருக்கின்றன. வகுப்பறைகளோ முன்பைவிட நிரம்பி வழிகின்றன. ஓர் ஆசிரியர் எண்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது, மூன்று நாளாக வராத ஒருத்தியைத் தேடி வீட்டுக்குப் போக அவருக்கு நேரம் ஏது?

காம்ஃபெட்டின் பணியில் தணிக்கையாளனாகிய என்னை முதலில் கவர்ந்தது அதன் கணக்கு முறை. யாருக்கு உதவி என்பதை வெளியூர் அலுவலகம் முடிவு செய்வதில்லை. மாவட்டந்தோறும் உள்ள குழுவில் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், பெற்றோர், மரபுவழித் தலைவர், காவல் துறையினர், சுகாதாரப் பணியாளர் என்று பலரும் இருக்கிறார்கள். எந்தக் குடும்பம் உண்மையில் நொடிந்திருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் அந்த முறை அமைந்திருக்கிறது. ஊராருக்கு இருக்கும் அதிகாரமும் ஆபத்தானதுதான். ஒரு பெண்ணின் படிப்புச் செலவைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் அதற்குக் கைம்மாறாக எதைக் கேட்பார் என்பது ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரிய கேள்வி அல்ல. அதனால்தான் ஒவ்வொரு மாணவிக்கும் அவளுக்குரிய உதவி இன்னது, அதில் இன்ன பொருள்கள் உண்டு என்பதை அவளுக்கே நேரடியாகவும் பலர் அறியவும் தெரிவிப்பதை அந்த அமைப்பு விதியாக வைத்திருக்கிறது. காலணி வரவில்லை என்றால் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அது தலைமையாசிரியரின் கருணை அல்ல. லண்டனைச் சேர்ந்த லிங்க்லேட்டர்ஸ் என்னும் சட்ட நிறுவனம் இந்த நிர்வாக முறையை ஆராய்ந்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணக்கு ஒப்புவிக்கப்பட வேண்டியது நன்கொடையாளரிடம் மட்டும் அன்று, அந்தப் பெண்ணிடமே என்பது அதன் மையக் கருத்து. நான் பார்க்கும் கோப்புகளில் அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கியே செல்கின்றன. கீழ்நோக்கிய கணக்கு என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அந்த அறிக்கையின் வழியாகத்தான் உணர்ந்தேன்.

முதல் தொகுதி மாணவிகள் பள்ளிப் படிப்பை முடித்தபோது அடுத்த சிக்கல் எழுந்தது. சான்றிதழ் கையில் இருக்கிறது. கிராமத்தில் வேலை இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு. வழக்கமான திட்டம் என்றால் இந்த இடத்தில் வெற்றி என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள். அந்தப் பெண்களோ 1998இல் ஜிம்பாப்வேயில் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் ஆஞ்சலின் முரிமிர்வா. தொடக்கப் பள்ளித் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றும் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப வழியற்ற குடும்பத்தில் பிறந்தவர். அமைப்பு உதவிய முதல் மாணவிகளில் ஒருவர். 2020இல் கல்விப் பணிக்கான யிடான் விருது அவருக்கும் அப்போதைய தலைமை நிர்வாகி லூசி லேக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2023இல் அவரே முழு அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி ஆகிய ஐந்து நாடுகளிலும் இன்று அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல்.

இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் செய்யும் பணிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது கற்போர் வழிகாட்டித் திட்டம். 2013இல் பிரிட்டன் அரசின் பெண் கல்வி நிதியைக் கொண்டு இது விரிவாகத் தொடங்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளம்பெண் தான் படித்த அதே பள்ளிக்கு, அல்லது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு, வாரந்தோறும் போகிறாள். தன்னை அறிவது, இலக்கு வைப்பது, உடல்நலம், உரிமைகள், தேர்வுக்குத் தயாராவது என்று வாழ்க்கைத் திறன் வகுப்பெடுக்கிறாள். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வட்டமாக உட்கார்ந்து நடக்கும் அந்த வகுப்பில் அவள் பேசுவது அவர்கள் வீட்டில் பேசும் மொழியை. அவளுடைய தாயை அவர்களுக்குத் தெரியும். அவள் எந்த வாடகை அறையில் தங்கிப் படித்தாள் என்பதும் தெரியும். யார் வரவில்லை என்பதை அவள் குறித்துக்கொள்கிறாள். வகுப்பு முடிந்ததும் அந்த வீட்டுக்கு நடந்து போகிறாள். அங்கே பாட்டி நோயுற்றுக் கிடக்கலாம். சீருடை கிழிந்து போயிருக்கலாம். பெண்ணை நிச்சயம் செய்துவிட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் பெற்றோர் குழுவிடமோ ஆசிரியரிடமோ மாவட்டக் குழுவிடமோ அதைக் கொண்டு சேர்க்க அவளுக்கு வழி தெரியும்.

இதற்கு அவளுக்குச் சம்பளம் இல்லை. அதற்கு ஈடாக, சிறு தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெறும் தகுதி கிடைக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட கீவா என்னும் இணையவழிக் கடன் அமைப்பின் மூலம், உலகின் எங்கோ இருப்பவர்கள் 25 டாலர் முதல் போட்டுச் சேரும் தொகை அது. அசலைப் பணமாகத் திருப்புகிறாள். வட்டியைப் பள்ளியில் செலவிடும் நேரமாகக் கட்டுகிறாள். அந்தக் கடனில் கோழி வளர்ப்பவர்கள் உண்டு. தையல் எந்திரம் வாங்கியவர்கள் உண்டு. சந்தையில் கடை போட்டவர்கள் உண்டு. பயிற்சியையும் பணியையும் நிறைவு செய்தவர்கள் பிரிட்டனின் பியர்சன் நிறுவனத்தின் தொழிற்கல்விச் சான்றிதழைப் பெறலாம். தான்சானியாவில் அந்தச் சான்றிதழ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்வதற்கான படியாகவும் உதவுகிறது. வட்டி என்பது கடன் கொடுத்தவனுக்கு மட்டுமே போய்ச் சேர்வதைக் கண்டு பழகிய எனக்கு, அது வாங்கியவளின் ஊர்ப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும் இந்த ஏற்பாட்டைப் படித்த அன்று உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று. கடன் அடைந்துவிடும். அவள் ஊரை விட்டுப் போய்விடமாட்டாள். நிதி தந்த அறக்கட்டளையின் மூன்றாண்டு முடிந்த மறுநாளும், நான்காம் படிவத்து மாணவிக்கு ஒரு வழிகாட்டி இருப்பாள்.

சற்று மூத்த, அதே ஊர்ப் பெண் ஒருத்தி என்பதில் இருக்கும் வலிமைக்கு வேறிடத்திலும் சான்று உண்டு. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2008 முதல் உகாண்டாவில் பதின்பருவப் பெண்களுக்கான மன்றங்களை நடத்தியது. வாரத்தில் ஐந்து நாள் பிற்பகல்களில் கூடும் அந்த மன்றத்தை நடத்துபவர் உறுப்பினர்களைவிடச் சற்றே மூத்த ஓர் இளம்பெண். விளையாட்டு, பாட்டு, உடல்நலக் கல்வி, தொழிற்பயிற்சி எல்லாம் ஓரிடத்தில். 150 ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் நூறில் மன்றங்களை அமைத்து, மற்றவற்றுடன் ஒப்பிட்டுப் பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. நான்கு ஆண்டுகளில் பதின்பருவக் கருவுறுதல் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வருமானம் தரும் வேலையில் ஈடுபடும் பெண்களின் விகிதம் தொடக்க நிலையைவிட 48 விழுக்காடு கூடியிருந்தது. அதே திட்டம் தான்சானியாவில் நடத்தப்பட்டபோது அத்தகைய பலன் கிடைக்கவில்லை. நடத்துவதற்கான வளங்கள் அங்கே போதாமல் இருந்தன என்பதையே ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் கண்டார்கள். நல்ல யோசனை ஒன்று போதும், பணத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்று நினைக்கும் நிதியாளர்கள் உகாண்டா முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவதை நான் பல முன்மொழிவுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தொழில் பக்கத்தில் நடப்பவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் பங்குகளைக் கொண்டு 2006இல் டொரான்டோவில் நிறுவப்பட்ட மாஸ்டர்கார்டு அறக்கட்டளை, 2030க்குள் 3 கோடி ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கண்ணியமான வேலை கிடைக்கச் செய்வது என்ற இலக்கை 2018இல் அறிவித்தது. காம்ஃபெட்டும் அதன் நீண்டகாலப் பங்காளிகளில் ஒன்று. சங்க உறுப்பினர்களில் பலர் வேளாண்மை வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். பழைய பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டு சொட்டுநீர்ப் பாசனம் அமைப்பது, நிலக்கடலைத் தோலை அழுத்தி எரிகட்டி செய்து விறகு வெட்டுவதைக் குறைப்பது போன்றவற்றை அவர்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் பணிக்கு 2019இல் ஐக்கிய நாடுகளின் பருவநிலைச் செயல்பாட்டு விருது கிடைத்தது. மழை பொய்த்தால் முதலில் பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது பெண் பிள்ளை என்பதால், வயலும் வகுப்பறையும் அங்கே தனித்தனி விஷயங்கள் அல்ல.

எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. ஏழை நாட்டின் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, அரசு சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்க வேண்டிய ஒரு பள்ளி ஆலோசகரின் வேலையைத் தன்னார்வத்தில் செய்கிறாள். வட்டியில்லாக் கடனும் சான்றிதழும் நல்லவைதாம். ஆனாலும் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லும் உரிமை நன்றாக உண்டு உடுத்தவர்களுக்கே எளிது. அந்த அமைப்பில் யாரும் இதை அறியாதவர்கள் அல்லர்; வழிகாட்டிகளைக் கல்வித் துறையின் அங்கமாக்க அவர்கள் அரசுகளுடன் பேசிவருகிறார்கள். அது சம்பளத்துடன் நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை, ஒவ்வொரு நிதி ஒப்பந்தத்திலும் இவர்களுக்குப் பயணப்படியாவது, கைப்பேசிச் செலவாவது தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும்.

இப்போது பணத்தின் நிலைமை மோசமாகியிருக்கிறது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை 2021இல் தேசிய வருமானத்தின் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது; 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை முதல் நாளோடு மூடப்பட்டது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பல நாடுகளில் பணிகளைப் பாதியில் நிறுத்தும்படி ஆணை போய்விட்டது. அந்த இடைவெளி முழுவதையும் தனியார் அறக்கட்டளைகளால் நிரப்ப முடியாது. ஆனால் தங்களிடம் உள்ள பணத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதை அவர்களால் மாற்ற முடியும். அமெரிக்கக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் நிபந்தனை ஏதுமின்றிக் கொடுத்த நன்கொடையையும், 2021இல் ஹில்டன் அறக்கட்டளை அளித்த 25 இலட்சம் டாலர் மனிதநேய விருதையும் காம்ஃபெட் பெற்றது. இத்தகைய பணத்துக்கு ஓர் அருமை உண்டு: ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை இருக்கும் மாதங்களில் ஒரு மாணவியின் கட்டணத்தைக் கட்ட அது உதவும். திட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தை அப்படிச் செலவிட்டால் என்னைப் போன்ற ஒருவர் சிவப்பு மையில் குறிப்பெழுதுவார்.

ஆகவே அறங்காவலர்களிடம் பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சில கேள்விகளை இப்போது நான் கேட்டுவருகிறேன். ஒப்பந்தம் முடியும் நாளில் பயனாளிகள் எந்த வகுப்பில் இருப்பார்கள்? அவர்களில் கடைசி மாணவி இறுதித் தேர்வை எழுதி முடிக்கும் வரைக்குமான தொகை முதல் நாளிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? ஜிம்பாப்வேயிலும் தான்சானியாவிலும் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் முதல் தவணை பள்ளி திறந்து மூன்று மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் அந்த முதல் பருவத்துக்கு யார் பணம் கட்டுவது? யாரை உதவிக்குத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில், முன்பு அதே உதவியைப் பெற்றுப் படித்த பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? முதல் இரண்டு கேள்விகளைக் கேட்டபின், நான் தணிக்கை செய்யும் அறக்கட்டளை ஒன்று தன் அடுத்த ஒப்பந்தத்தை ஆறாண்டுக்கு எழுதச் சம்மதித்திருக்கிறது. நான்காவது கேள்விக்கு இன்னும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்த அறங்காவலர் கூட்டத்திலும் அதைக் கேட்பேன்.